இந்தக் குளிசை என்னத்துக்கு?

அம்மாவின் மருந்துகள் எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் இருக்கும். நீல டின், மூடியின் ஓரத்தில் துரு. விடிய எழும்பி முகம் கழுவி, சாமிப்படத்துக்கு முன்னால் நின்று திருநீறு பூசி, பிளேன்ரீ குடித்து முடித்த பிறகுதான் அது திறக்கும். சீனிக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, பிறகு அந்தக் கப்சூல். ஒமெப்பிரசோல், 20 மில்லிகிராம், காலையும் இரவும். அம்மாவுக்கு அதன் பெயர் தெரியாது. 'காஸ்ட்ரிக் குளிசை' என்பார். அது முடியப்போகிறது என்றால் இரண்டு நாளுக்கு முன்பே சொல்லத் தொடங்கிவிடுவார். மற்றக் குளிசைகள் முடிந்தால்கூட அவ்வளவு பதற்றம் வராது.

ஒன்பது வருடம் அதை மாதா மாதம் வாங்கிக் கொடுத்தவள் நான். 2022இல் பெற்றோலுக்கும் காஸுக்கும் மருந்துக்கும் நாடே வரிசையில் நின்ற மாதங்களில், வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வரை காலி வீதியின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பார்மசியாக ஏறி இறங்கியிருக்கிறேன். எங்கோ ஒரு கடையில் ஒரே ஒரு கார்ட் கிடைத்தது. பத்துக் கப்சூல். விலை முந்தியதைவிடப் பல மடங்கு. அதைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மரீன் டிரைவ் வழியாக வீட்டுக்கு நடந்தபோது எனக்கு வந்த நிம்மதியை இன்றைக்கும் மறக்கவில்லை. அந்த நிம்மதியை நினைக்கும்போதுதான் மனது ஆறவில்லை. ஏனென்றால் அந்தக் குளிசை அம்மாவுக்குத் தேவைப்படவே இல்லை.

பெரியாஸ்பத்திரித் தழும்பு

அம்மா ஏன் அதை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1968இல் அம்மப்பாவுக்கு யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் அல்சருக்கு ஒப்பரேஷன் நடந்தது. அம்மாவுக்கு அப்போது 16 வயது. நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை இறங்கிய அந்தத் தழும்பை நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கிணற்றடியில் அம்மப்பா குளிக்கும்போது அது ஈரத்தில் பளபளக்கும். அதற்கு முந்திய வாரங்களில் அவர் இரத்தம் சத்தி எடுத்ததை அம்மா எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் அமிலத்தை அடக்க நல்ல மருந்து இல்லை. இரைப்பைக்குப் போகும் நரம்பை வெட்டுவார்கள், இல்லையென்றால் இரைப்பையிலேயே ஒரு பகுதியை எடுத்துவிடுவார்கள். 1976இல் சிமெற்றிடின் விற்பனைக்கு வந்த பிறகுதான் அந்தக் கத்திக்கு வேலை குறையத் தொடங்கியது. அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே வருடத்தில்தான் சுவீடனில் ஒமெப்பிரசோல் சந்தைக்கு வந்தது.

இதற்கிடையில் அவுஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும், பெரும்பாலான அல்சர்களுக்குப் பின்னால் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறது என்றார்கள். யாரும் நம்பாமல் போக, 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. கவலையும் உறைப்பும்தான் அல்சர் என்று நம்பி அம்மப்பா பச்சை மிளகாயைக் கண்ணாலும் பார்க்காமல் செத்துப்போனார். இன்றைக்கு என்றால் இரண்டு வாரம் அன்ரிபயோட்டிக்கோடு சரியாகியிருக்கக்கூடும். இதை அம்மாவுக்குச் சொன்னபோது அவர் ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போய் அடுப்பைப் பார்த்தார்.

ஆகவே, இந்த மருந்துகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உயிர் காப்பாற்றிய மருந்துகள் இவை. என்னை அரிப்பது வேறு.

சவ்வரிசி மணிகள்

ஒமெப்பிரசோல் கப்சூலைத் திறந்து உள்ளங்கையில் கொட்டினால் சின்னச் சவ்வரிசி போல வெள்ளை மணிகள் உருளும். அம்மாவுக்குக் கப்சூல் தொண்டையில் சிக்கும் என்ற பயம். அதனால் சில நாட்களில் திறந்து, மணிகளைக் கரண்டியால் நசுக்கி, தேத்தண்ணியில் கலந்து குடிப்பார். நான் அதைத் தடுக்கவில்லை, தெரியாததால். அமிலத்தை நிறுத்த வந்த இந்த மருந்தை அமிலமே அழித்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு மணிக்கும் இரைப்பையில் கரையாத ஒரு பூச்சு பூசியிருக்கிறார்கள். மணிகள் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலில் கரைந்து, இரத்தத்தில் கலந்து, ஊர் சுற்றி, இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் கலங்களுக்குப் பின்வாசலால் வந்து சேரும். நசுக்கினால் அந்தப் பூச்சு போய்விடும்.

அந்தக் கலங்களுக்குள் அமிலத்தை வெளியே தள்ளும் பம்புகள் இருக்கின்றன. எங்கள் வீட்டு மோட்டர் தண்ணீரை மேல் டாங்கிக்கு ஏற்றுவது போல, இரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்கு செறிவாக அமிலத்தைத் தள்ளுகிற பம்புகள். ஒமெப்பிரசோல் அந்தக் கடும் அமிலத்துக்குள் போனதும்தான் உருமாறி, பம்பில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் திரும்ப விடாது. மருந்து இரத்தத்திலிருந்து சில மணி நேரத்தில் போய்விடும், ஆனால் அந்தப் பம்பு முடிந்ததுதான். கலம் புதிதாக ஒன்று கட்டும் வரை அமிலம் குறைந்தே இருக்கும். இதில் ஒரு நுணுக்கம்: வேலை செய்துகொண்டிருக்கும் பம்பில்தான் மருந்து ஒட்டும். பம்புகள் பெரும்பாலும் விழிப்பது சாப்பாட்டின் போது. ஆகவே சாப்பிடுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னால் குடிக்க வேண்டும். அம்மா இரவு இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, படுக்கப் போகும்போது குடித்தார். எனக்குத் தெரிந்த முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் குடிக்கிறார்கள்.

ஒரு மருந்து உடம்பில் எங்கே போகிறது, எங்கே போகாமல் நிற்கிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. சத்தி நிற்கக் கொடுக்கும் டொம்பெரிடோன் மூளைக்குள் அதிகம் நுழையாது. அதே வேலைக்குக் கொடுக்கும் மெற்றோகுளோப்ரமைட் நுழையும். சில வருடங்களுக்கு முன் எங்கள் சொந்தத்தில் 17 வயதுப் பிள்ளை ஒன்றுக்கு அந்த ஊசி போட்ட அன்று பின்னேரமே கழுத்து ஒரு பக்கம் இழுத்து, கண் மேலே சொருகிவிட்டது. அந்த வீட்டில் பாட்டி வேப்பிலை தேடினார். திரும்ப ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, மாற்று ஊசி ஒன்றோடு கொஞ்ச நேரத்தில் கழுத்து நேரானது. இளம் வயதுப் பிள்ளைகளுக்கு வரக்கூடிய, நன்றாகத் தெரிந்த ஒரு பக்கவிளைவு அது. டொம்பெரிடோனும் சும்மா குடிக்கிற மருந்து இல்லை. இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குழப்பக்கூடும் என்பதால் 2014இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதை ஒரு நாளைக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகாமல், பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் நீளாமல் கொடுக்கச் சொன்னது. எங்கள் வீட்டு டின்னில் அதுவும் மாதக்கணக்கில் கிடந்தது.

2/52

2023 தொடக்கத்தில் ஒரு நாள், கோயிலுக்குப் போய்த் திரும்பி மாடிப்படி ஏறும்போது அம்மாவின் இடது கால் செருப்பு இரண்டாம் படியிலேயே கழன்று நின்றுவிட்டது. அம்மாவுக்கு அது தெரியவில்லை. ஒரு காலில் செருப்போடும் மற்றக் காலில் வெறும் பாதத்தோடும் மூன்றாம் மாடி வரை ஏறி வந்துவிட்டார். நான் பின்னால் செருப்பை எடுத்துக்கொண்டு வந்து நீட்டியபோது குனிந்து தன் காலைப் பார்த்தார். அதற்கு முன்பே களைப்பு, விரல் நுனி விறைப்பு, சம்பல் சாப்பிட்டால் நாக்கு எரிவது எல்லாம் இருந்தன. எல்லாவற்றையும் சீனி வருத்தத்தின் கணக்கில் எழுதி வைத்திருந்தோம்.

ஒரு பிஸிஷியனைச் சனல் பண்ணினேன். குடிக்கிற மருந்து எல்லாவற்றையும் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். அம்மா டின்னையே சீலைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார். டொக்டர் அம்மாவின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். வழவழவென்று, இறைச்சிச் சிவப்பில் இருந்தது. பிறகு டின்னை மேசையில் கவிழ்த்து ஒவ்வொரு கார்ட்டாக அடுக்கினார். இரண்டை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தார். ஒன்று ஒமெப்பிரசோல், மற்றது வேறொரு கிளினிக்கில் வயிற்று உப்புசத்துக்கு என்று வேறு கம்பெனிப் பெயரில் கொடுத்த எசோமெப்பிரசோல். இரண்டும் ஒரே குடும்பம், ஒரே பம்பு. அம்மா பல மாதங்களாக இரண்டையும் குடித்துக்கொண்டிருந்தார். மருந்துகளைக் கம்பெனிப் பெயரில் இல்லாமல் மூலப்பெயரில் எழுத வேண்டும் என்று பேராசிரியர் சேனக பிபிலே இந்த நாட்டில் வாதாடி, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எங்கள் மேசையில் அந்த இரண்டு கார்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தபோதுதான் அவர் எதற்காக மல்லுக்கட்டினார் என்பது எனக்கு உறைத்தது.

"அம்மா, இந்தக் குளிசை என்னத்துக்குக் குடிக்கிறீங்கள்?" என்று டொக்டர் கேட்டார்.

"அது எப்பவும் குடிக்கிறது தானே, டொக்டர்."

"சரி. ஆனா என்னத்துக்கு?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் கிளினிக் கொப்பியைப் பார்த்தேன். டொக்டர் அதை வாங்கிப் பின்பக்கமாகப் புரட்டிக்கொண்டே போனார். மாதத்துக்கு மாதம், வருடத்துக்கு வருடம், விதவிதமான கையெழுத்துகளில் 'அதே மருந்து' என்ற ஒரே வரி. அதற்குக் கீழே ஒரு கிறுக்கல் கையொப்பம். கடைசியில், அதாவது முதலில், 2014ஆம் ஆண்டுப் பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தினார். முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக். அதற்குக் கீழே ஒமெப்பிரசோல். அதற்குப் பக்கத்தில் 2/52 என்று எழுதியிருந்தது. அந்த எண்ணை நான் நூறு தரமாவது பார்த்திருப்பேன். ஏதோ மருந்தின் அளவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "இது ரெண்டு கிழமை எண்டு அர்த்தம்," என்றார் டொக்டர். வருடத்தின் 52 கிழமைகளில் இரண்டு.

வலிக் குளிசை இரைப்பையின் உள்சுவரைக் காக்கும் பொருட்களையும் சேர்த்துத் தடுத்துவிடும். அதனால்தான் காவலுக்கு ஒமெப்பிரசோல். முழங்கால் வலி குறைந்து டைக்ளோஃபினாக்கை அம்மா அடுத்த மாதமே விட்டுவிட்டார். காவல் மட்டும் ஒன்பது வருடம் நின்றது. எழுதிய டொக்டர் பிழை விடவில்லை. அடுத்து வந்தவர்களிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு நோயாளி. அவர்கள் தொடர்ந்தார்கள். பார்மசிப் பையன் துண்டைப் பார்த்துக் கொடுத்தான். நான் காசு கொடுத்தேன். தொடங்குவதற்கு ஒருவர் இருந்தார், நிறுத்துவது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. அந்த அறையில் இருந்தபடி மனதில் கணக்குப் போட்டேன். நாளுக்கு இரண்டு, ஒன்பது வருடம்: 6500 கப்சூலுக்கு மேல்.

இரத்தப் பரிசோதனையில், நரம்புகளுக்கு வேண்டிய விற்றமினான பி12, 142 வந்தது. 200க்குக் கீழே என்றாலே குறைவு. அம்மா வெள்ளிக்கிழமையும் கந்த சஷ்டியும் தவிர மற்ற நாட்களில் மீன் சாப்பிடுகிறவர். சீலா மீனில் பி12 தாராளமாக இருக்கிறது. ஆனால் அது புரதத்தோடு பிணைந்திருக்கும். பிரித்தெடுக்க இரைப்பையில் அமிலம் வேண்டும். அமிலமே இல்லாத வயிற்றுக்குள் எத்தனை துண்டு மீன் போனாலும் பெரும்பகுதி அப்படியே வழியனுப்பப்பட்டுவிடும். ஈரலில் சில வருடங்களுக்குப் போதுமான சேமிப்பு இருப்பதால் யாருக்கும் உடனே தெரியாது. பழியை ஒமெப்பிரசோலின் தலையில் மட்டும் போட மாட்டேன். சீனிக்குக் குடிக்கும் மெற்ஃபோமினும் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்து வருடக்கணக்கில் குடிக்கும் வயதானவர்கள் கொழும்பில் ஒவ்வொரு மாடிக்கும் ஒருவராவது இருப்பார்கள். பி12 பார்த்தீர்களா என்று அவர்களிடம் கேட்க வேண்டும் போலிருக்கிறது எனக்கு.

எட்டாம் நாள் இரவு

படிப்படியாகக் குறைக்கச் சொல்லித்தான் டொக்டர் எழுதிக் கொடுத்தார். ஆனால் அம்மாவுக்கு வந்த கோபம் படிப்படியான கோபம் இல்லை. அடுத்த நாளே இரண்டு கார்ட்டையும் குப்பைக்குள் போட்டுவிட்டார். முதல் சில நாட்கள் ஒன்றும் இல்லை. எட்டாம் நாள் இரவு இரண்டு மணிக்கு எழும்பிப் பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. பல்கனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புளித்த ஏவறை, தொண்டை வரை எரிவு. கீழே தண்டவாளத்துக்கு அப்பால் கடல் இரைந்துகொண்டிருந்தது. "பாத்தியே பிள்ளை, அப்பாவின்ரை வருத்தம் எனக்கும் இருக்கு," என்றார். அந்தக் குரலில் 1968 இருந்தது. நான் ஓடிப்போய் அலுமாரியில் மிஞ்சிக் கிடந்த கப்சூல் ஒன்றைக் கொடுத்தேன். விடியும் வரை எரிவு குறையவில்லை. அந்த மருந்து முழுதாகப் பிடிக்கவே சில நாள் எடுக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

காலையில் டொக்டருக்குச் செய்தி அனுப்பினேன். அவர் கூப்பிட்டுச் சொன்ன விஷயம்தான் என்னை இதை எழுத வைத்தது. அமிலம் குறைந்த வயிறு சும்மா இருக்காது. காஸ்ட்ரின் என்ற ஹோர்மோனை மேலும் மேலும் சுரந்து, "அமிலம் எங்கே, அமிலம் எங்கே" என்று கலங்களைத் தட்டிக்கொண்டே இருக்கும். அமிலத்தைத் தூண்டும் கலங்கள் பெருகும். மருந்து இருக்கும் வரை அது வெளியில் தெரியாது. திடீரென்று நிறுத்தினால், பெருகியது எல்லாம் சேர்ந்து முன்பு இருந்ததைவிட அதிகமாகச் சுரக்கும். 2009இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், வயிற்றில் எந்தக் குறையும் இல்லாத 120 பேரை எடுத்து ஒரு பாதிக்கு 8 வாரம் எசோமெப்பிரசோல் கொடுத்து நிறுத்தினார்கள். மற்றப் பாதிக்கு வெறும் போலிக் குளிசை. நிறுத்திய பிறகு வந்த வாரங்களில் மருந்து குடித்தவர்களில் 44 சதவீதம் பேருக்கு நெஞ்செரிவு போன்ற அமிலத் தொல்லை வந்தது. போலிக் குளிசைக் குழுவில் 15 சதவீதம். நோயே இல்லாதவர்களுக்கு, 8 வாரத்தில்! அம்மாவுக்கு 9 வருடம்.

எரிவு வந்தால் நோய் இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நினைக்கிறோம். நிறுத்திப் பார்த்தேன், தாங்க முடியவில்லை, ஆகவே எனக்கு இது தேவை என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த இரவில் நானும் அப்படித்தான் நம்பினேன். மருந்தை விட்டதால் வந்த எரிவை, மருந்து வேண்டும் என்பதற்கான சாட்சியாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது தரம் ஒழுங்காகச் செய்தோம். இரண்டு கிழமை காலையில் ஒன்று மட்டும், சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், முழுதாக விழுங்கி. பிறகு ஒன்றுவிட்ட ஒரு நாள். பிறகு இல்லை. எரிந்தால் மட்டும் வெள்ளைப் பால் மருந்து. அதில் மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்திருக்கும். ஒன்று வயிற்றை இளக்கும், மற்றது இறுக்கும், அதனால்தான் சோடியாகப் போடுகிறார்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தோம். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு வந்தது. ஆறு கிழமை எரிவு வந்து வந்து போனது. மூன்றாம் மாதம் போலப் பால் மருந்துப் போத்தலும் தூசி பிடித்தது.

கதை சொந்தத்துக்குள் பரவியபோது கொட்டாஞ்சேனையில் இருக்கும் பெரியப்பா தன் குளிசையையும் நிறுத்தப் போவதாகச் சொன்னார். நான் அன்றே பஸ் ஏறிப் போனேன். அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட். இரத்தம் கட்டியாகாமல் இருக்க அஸ்பிரினும் குளோப்பிடோகிரெலும் குடிக்கிறார். இரைப்பையில் இரத்தம் கசியாமல் இருக்கத்தான் அவருக்கு அமிலக் குளிசை. அதிலும் ஒமெப்பிரசோல் குளோப்பிடோகிரெலின் வேலையைக் கெடுக்கும் என்பதால் அதே குடும்பத்துப் பன்டோப்பிரசோலாகப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். "பெரியப்பா, உங்கடை குளிசைக்குக் காரணம் இருக்கு. டொக்டர் சொல்லாமல் தொடாதேங்கோ," என்றேன். அவர் வட்ஸ்அப்பில் வந்த குரல்பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினார்: இந்தக் குளிசை குடித்தால் மறதி வரும், சிறுநீரகம் போகும், எலும்பு உடையும். எலும்பு முறிவு பற்றியும் மக்னீசியம் குறைவது பற்றியும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010இலும் 2011இலும் எச்சரித்தது உண்மை. ஆனால் 17,598 பேரை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பன்டோப்பிரசோல் குடித்தவர்களுக்கும் போலிக் குளிசை குடித்தவர்களுக்கும் இடையில் தெளிவாகத் தெரிந்த வித்தியாசம் குடல் தொற்று மட்டும்தான். மறதியில் வித்தியாசம் இல்லை. பயமுறுத்தும் குரல்பதிவும், யோசிக்காமல் தொடரும் துண்டும் எனக்கு இப்போது ஒன்றாகவே தெரிகின்றன. இரண்டிலும் "உங்களுக்கு இது என்னத்துக்கு?" என்ற கேள்வி இல்லை.

அம்மாவுக்குப் பி12 ஊசி தொடங்கியது. மருந்தே சிவப்பாக இருக்கும், செம்பருத்திப் பூ அவித்த தண்ணீர் போல. முதலில் ஒன்றுவிட்ட ஒரு நாள், இப்போது மாதம் ஒன்று. நாக்கு இரண்டு கிழமையில் தேறியது, சம்பல் திரும்ப வந்தது. களைப்பும் போனது. டின்னுக்குள் இப்போது ஒவ்வொரு கார்ட்டின் பின்பக்கத்திலும் என் கையெழுத்தில் எதற்கு, எப்போது வரை என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கால் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. நரம்பு வருடக்கணக்கில் பட்டினி கிடந்தால் எல்லாம் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார் டொக்டர். விடியக் கட்டிலால் இறங்கும்போது அம்மா இப்போதும் வலது காலை முதலில் தரையில் வைத்து, சீமெந்தின் குளிர் தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு இடது காலை வைப்பார். பெருவிரலில் இன்னும் அரைக் குளிர்தான்.